ஹெஸ்கோட் வீட்டுக் கடைசிப் பிள்ளை

– அந்தப் படத்தைக் கழட்டாதீங்க பெனிஷ். ஆணி அடிச்ச அன்னைக்கே சொன்னேன், இது ஹால்லதான் இருக்கும்னு.

– ப்ளீஸ்ம்மா ஸ்டெஃபி. செத்துப்போன வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு நம்ம பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்ல என்ன வேலை? காலையில ட்ரெய்னுக்குக் கிளம்பும்போது இது மூஞ்சிலதான் முழிக்கிறேன். கீழ் வரிசையில கடைசியா துணி சுத்தி ஒரு குழந்தை நிக்குது பாரு, அது என்னையே பார்க்குது.

– அது எங்க பார்க்குது? கண்ணு மூடியிருக்கு.

– அதாம்மா பயமா இருக்கு.

– நான் தினம் அதைத்தான் முதல்ல துடைக்கிறேன். ஹெஸ்கோட் குடும்பமாம். ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல ஏதோ ஒரு ஊர்ல பெரிய நிலக்காரங்க. சர்ச்சுக்குள்ள அவங்க கல்லறை மேல பித்தளைத் தகடு பதிச்சிருக்காங்க. அதுல மேல புருஷன் பொண்டாட்டி உருவம், கீழ பிள்ளைங்க. பொறந்ததும் போயிட்டதையும் விடல, துணி சுத்தி வரிசையில சேர்த்திருக்காங்க.

– தெரியும், தெரியும். சர்ச் சேல்ல இதை வித்த மார்கரெட் ஆன்ட்டி உன்னைப் பிடிச்சு வச்சு சொன்னதுதானே.

– அவங்க காலேஜ் படிக்கும்போது தகடு மேல பேப்பரை விரிச்சு, கறுப்பு மெழுகைத் தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்த படம் இது. அப்புறம் ரிப்பேர்னு தகடைப் பெயர்த்திருக்காங்க. பின்பக்கம் பார்த்தா வேற ஒரு பொம்பளை உருவம்! அதுக்கும் முந்தின யாரோட தகடையோ திருப்பிப் போட்டு இவங்களை வெட்டியிருக்காங்க. கடைசியில அந்தத் தகடே காணாமப் போச்சு. இப்ப அந்தக் குடும்பத்துக்கு இந்தப் பேப்பர்தான் மிச்சம்.

– சரி, லாஜிக்கலா பேசுவோம். இதெல்லாம் இன்னைக்கு எதுக்குச் சொல்ற?

– தெரியாத மாதிரி கேட்காதீங்க. ஊர்ல மாமா கல்லறையில பேரை வெட்ட கல்தச்சன் மணியன் இன்னைக்குத்தான் வர்றானாம். உங்க தம்பி ஜெபசீலன் கூப்பிடுவார். நம்ம பையன் ஆசேர் பேரையும் வெட்டச் சொல்லப்போறேன்.

– ஸ்டெஃபி...

– அவனும் அதே குடும்பக் கல்லறையிலதானே இருக்கான்? உங்க தாத்தாவை வச்ச குழியைத் திறந்துதானே அவனை வச்சாங்க? இப்ப மாமாவையும் அதுலதானே வச்சாங்க? மூணு பேர் இருக்கிற இடத்துல ரெண்டு பேருக்குத்தான் பேரா?

– ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்குக் கல்லுல பேர் கிடையாதுன்னு அப்பா சொல்லிட்டாரும்மா. சபையில எல்லாரும் அவர் வார்த்தையைக் கேட்டவங்க. கிரீன் கார்டு நடுவுல மாட்டிக்கிட்டு அவர் அடக்கத்துக்குக்கூட நான் போகல. இப்ப அவர் கல்லுலயே அவர் பேச்சை மீறவா?

– ஆஸ்பத்திரியில நான் அந்தப் பேரைச் சொன்னேன். மாமா காதுல விழுந்துச்சு. முகத்தைத் திருப்பிக்கிட்டார். துணியில சுத்தித் தூக்கிட்டுப் போனார், என்கிட்ட ஒருதடவை காட்டல. இங்க யார் கேட்டாலும் நமக்கு ஒரே பொண்ணுதான்னு சொல்றேன். நாம ரெண்டு பேரும் போயிட்டா, அவன் இருந்தான்னு சொல்ல ஒரு பேப்பர்கூட இல்ல பெனிஷ்.

– ...போன் அடிக்குது. சீலன்தான். இரு, ஸ்பீக்கர்ல போடறேன். ஹலோ, சொல்லுடா.

– ஸ்தோத்திரம்ணே. கல்லறைத் தோட்டத்துல இருந்துதான் பேசறேன், இருட்டிட்டு வருது. அண்ணி பக்கத்துல இருக்காங்களா?

– இருக்கேன் ஜெபசீலன்.

– டேய் சீலா, நான் முதல்ல சொல்லிடறேன். அப்பா பேருக்குக் கீழ ஆசேர்னு வெட்டச் சொல்லு. ஆயர் கேட்டா என்கிட்ட பேசச் சொல்லு.

– பெனிஷ்!

– இரும்மா. அப்பாவுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். ஆனா இப்ப அவர் அவன்கூடத்தான் படுத்திருக்கார். அவங்க ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கிடட்டும்.

– அண்ணே, கொஞ்சம் நான் சொல்றதைக் கேளுங்க. அடக்கத்தன்னைக்கு மேல் கல்லை அப்படியே படுக்க வச்ச மாதிரி நகர்த்தினோம். இன்னைக்குத்தான் மணியன் கழுவறதுக்காகத் தூக்கி நிறுத்தினான். அடிப்பக்கம் எழுத்து வெட்டியிருக்குண்ணே.

– வேற யாரோட கல்லோ? திருப்பிப் போட்டு நமக்கு வித்துட்டாங்களா?

– இல்லண்ணே, நம்ம கல்லுதான். அப்பாதான் வெட்டச் சொல்லியிருக்கார். தன் பேரையும் போட்டு, ‘சுவிசேஷமுத்துவின் மூத்த பேரன் ஆசேர்’னு இருக்கு.

– கர்த்தாவே... மாமாவா?

– ஆமாம் அண்ணி. வெட்டினதே மணியன்தானாம். குழந்தையை வச்ச மறுநாள் அப்பா தனியா வந்து, வெட்டி முடிக்கிற வரைக்கும் வெயில்லயே நின்னாராம். வெளிய யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாராம்.

– அப்புறம் ஏன் அடியில? யாரும் படிக்கவே முடியாத இடத்துல எதுக்கு வெட்டினார்?

– அதை மணியனும் கேட்டானாம் அண்ணி. ‘படிக்க வேண்டியவன் உள்ளதான்பா இருக்கான்’னு சொன்னாராம்.