கோடு வரை தண்ணீர்

செடிகளோடு பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது, ஐயா. அது என் மனைவியின் வேலை. பசுமைக்குடிலுக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு நெல் நாற்றையும் நலம் விசாரிப்பாள். நானும் அதே ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறேன் என்பது சாப்பாட்டு நேரத்தில்தான் அவளுக்கு ஞாபகம் வரும்.

கிடங்கில் உப்பு குறைந்ததே என்று விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

நெல்லுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது; இலை நுனியிலிருந்து கருகிவிடும். அதைத் தாங்க வைக்கிற மரபணுக்கள் நெல்லுக்குள்ளேயே இருக்கின்றன, ஆனால் பாதி தூங்கிக்கொண்டிருக்கும். அவற்றைத் தட்டி எழுப்பி வேலை வாங்குகிற ஒரு மரபணுவை அவள் கண்டுபிடித்தாள். செல்லமாக அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தாள். வீட்டிலும் மேஸ்திரி புராணம்தான். நான் பல வருடமாக வேறொரு மரபணுவைக் கட்டிக்கொண்டு அழுகிறேன், அதற்கு யாரும் செல்லப்பெயர் வைக்கவில்லை. பரவாயில்லை, பொறாமைப்படுகிற சுபாவம் எனக்கு இல்லை.

மேஸ்திரியை முடுக்கிவிட்ட விதை மொத்தமும் ஒரே தட்டில் முளைத்திருந்தது. அது உப்பைத் தாங்கினால் வெளிநாட்டு ஆய்வு மையம் ஒன்றில் அவளுக்குப் பெரிய பதவி. "தாங்கிடுங்க, பாருங்களேன்," என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை, கல்யாணத்தன்றுகூட. எனக்குக் கவலையாகிவிட்டது. பாவம், அவளுக்குப் பயணமே ஒத்துக்கொள்ளாது.

என் மாமியாரைப் பார்க்க அவள் தனியாக ரயிலேறிப் போன வாரம், தட்டை என்னிடம் ஒப்படைத்தாள். உப்புக் கரைசலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். அதனால் தினமும் வெறும் தண்ணீர் ஊற்றிக் கோடு வரை நிரப்ப வேண்டும். நானும் ஒருநாள்கூடத் தவறாமல் நிரப்பினேன், உப்புத் தண்ணீரால். கோடு சரியாக இருக்கிறதா என்றுதானே எல்லோரும் பார்க்கிறார்கள்? அவள் வருவதற்குள் அதைக் கொட்டிவிட்டுப் பழைய உப்பு அளவிலேயே புதுக் கரைசல் வைத்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

வந்து பார்த்தாள், தட்டெல்லாம் வைக்கோல். "நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன் போல," என்றாள். இரண்டு நாள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். நான்தான் கஞ்சி வைத்துக் கொடுத்து, தலையைக் கோதி, விடும்மா, எல்லாருக்கும் நடக்கிறதுதான் என்று தேற்றினேன். இனி ஆராய்ச்சியே வேண்டாம் என்று வேலையை விட்டுவிட்டாள்.

தட்டெல்லாம் என்றேனே, அது முழு உண்மையில்லை. நான் ஊற்றிய உப்புக்கு ஒரு புல்கூடப் பிழைத்திருக்கக் கூடாது. ஆனால் ஆறு நாற்று பச்சையாக நின்றது. அவளே எதிர்பார்த்ததைப்போல இரண்டு மடங்கு உப்பைத் தாங்கியிருந்தது. அவள் வருவதற்கு முன்பே அந்த ஆறையும் நானே பிடுங்கிக் குப்பை எரிக்கிற உலையில் போட்டேன். வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது. பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐயா. அவள் எவ்வளவு பெரிய கெட்டிக்காரி என்று அவளுக்கே தெரியாது, எனக்குத்தான் தெரியும். ஒரு புருஷன் தன் மனைவியை இதற்குமேல் எப்படிப் புரிந்துகொள்ள முடியும், சொல்லுங்கள்.