தெற்கு ஜன்னல்

ஜன்னலைத் திறந்து வைத்தால் வீட்டுக்கு நல்லது என்றுதான் பாதிப்பேர் நினைக்கிறார்கள். தென்சீனத்துக் குவாங்சௌவில் பிறந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். குளிர் போய்த் தெற்குக் காற்று திரும்பும் நாட்களில் இங்கே சுவரே வியர்க்கும். அப்போது ஜன்னலை இறுக்கிச் சாத்தி, ஈரம் உறிஞ்சும் மெஷினை ஓடவிட வேண்டும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும். பூசணம் தெரிந்தால் முகமூடி கட்டிக்கொண்டு ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் தூக்கி எறிந்துவிட வேண்டும். என் அறையில் நான் அப்படித்தான் செய்தேன்.

மெய்ரொங் வடக்கே வறண்ட லான்சௌக்காரி. அவள் ஊரில் துணி கொடிக்குப் போவதற்குள் காய்ந்துவிடுமாம். ரிட்டயர் ஆனபின் இங்கே வந்து என் வீட்டுப் பின்னறையை வாடகைக்கு எடுத்தாள். மூச்சிழுப்பு உண்டு. மருந்துக் குழல் எப்போதும் பையில் இருக்கும். நல்ல பெண், அதை நான் மறுக்கவில்லை.

பூங்காவில் நாடகப் பாட்டு பாடும் எங்கள் குழுவுக்கு நான்தான் அவளை அழைத்துப் போனேன். அங்கே நாயகி பாட்டெல்லாம் பல வருடமாக எனக்குத்தான். இரண்டு தந்திப் பிடில் வாசிக்கும் கெங் அண்ணன் மனைவியை இழந்தவர். அவருக்கு இறால் கொழுக்கட்டை வாங்கிப் போவேன். மேல்சுரம் எட்டவில்லை, தந்தியைக் கொஞ்சம் இறக்குங்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"தந்தி இறங்காது சௌஃபான், நீதான் ஏறணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மெய்ரொங் பாடினாள். எங்கள் பாஷையைக் கடித்துத் துப்பினாள், அதற்கும் கைதட்டினார்கள். பாதியில் குரல் திணறியது. கெங் அண்ணன் தானாகவே முளையைத் திருகித் தந்தியை இறக்கினார். "இப்பப் பாடும்மா, சரியா இருக்கும்." எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு வேறு பெயர் சொல்லத் தெரியவில்லை.

மார்ச்சில் தெற்குக் காற்று வந்தது.

"அக்கா, சுவர்ல தண்ணியா ஓடுது. என்ன பண்ண?"

"ஜன்னலைத் தொறந்து வை தங்கச்சி. காத்து பட்டா தானே காஞ்சிடும்."

திறந்து வைத்தாள். அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் படர்ந்ததும் மறுபடி வந்து கேட்டாள்.

"நனைச்சிடாதே, பரவும். காஞ்ச துடைப்பத்தால தட்டி விடு."

தட்டினாள். தூள் அறை முழுக்கப் பறந்தது. நான் கதவுக்கு வெளியே நின்றேன். பிறகு பெயிண்ட் வாங்கி வந்து அந்தச் சுவருக்கு நானே அடித்துக் கொடுத்தேன். "கூடப் பொறந்தவகூட இவ்வளவு பண்ண மாட்டா அக்கா" என்றாள், இருமிக்கொண்டே. பெயிண்டுக்கு அடியில் பூசணம் சாகாது. அதுவும் எனக்குத் தெரியும்.

குரல் போனால் போதும் என்றுதான் இருந்தேன். மூச்சு முட்டி அவளைச் சேர்த்தபோது, ஆஸ்பத்திரிக்கு இருமலுக்கென்று பேரிக்காய் அவித்த தண்ணீர் கொண்டுபோனதும் நான்தான். வீட்டில் பூசணம் உண்டா என்று டாக்டர் கேட்டார். புதுசா பெயிண்ட் அடிச்ச ரூம் சார் என்றேன். பொய் இல்லையே. உண்மையைச் சொல்லியிருந்தால் அதற்கேற்ற மருந்து கொடுத்திருப்பார்கள். அது தெரிந்துதான் சொல்லவில்லை.

போலீஸ்காரர் நீங்கள் அலமாரியை நகர்த்திப் பார்த்துவிட்டீர்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது? ஆமாம், அவளைக் கொன்றது நான்தான்.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். காரியமெல்லாம் முடிந்து பூங்காவுக்குப் போனேன். தந்தி அன்றைக்கு மெய்ரொங்குக்காக இறக்கிய இடத்திலேயே இருந்தது. கெங் அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார், கன்னம் நனைந்திருந்தது. மேல்சுரம் எனக்குச் சுலபமாக எட்டியது. பாருங்கள், கடைசியில் எனக்காகவும் தந்தியை இறக்கிவிட்டார்.