காரட் வாங்காத கை

— பிடியை மட்டும் தளர்த்திடாதே மெல்வின். குழிக்குள்ள கை எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். கேக்குதா?

— கேக்குது பிரெண்டா. காது நல்லாத்தான் இருக்கு. கைதான் வேற யாரோடதோ மாதிரி இருக்கு.

— போலீஸ்ல சொல்லிட்டேன். ராணுவத்துல குண்டு எடுக்குறவங்களுக்கு லைன் போட்டுத் தர்றாங்களாம். அதுவரைக்கும் பேசிக்கிட்டே இரு. பேச்சை மட்டும் நிறுத்திடாதே.

— கல்யாணம் ஆன நாள்ல இருந்து வாயை மூடு, வாயை மூடுன்னுதான் சொல்லியிருக்க. இன்னிக்குப் பேசச் சொல்ற.

— ஆமா மகராசா. இன்னிக்குப் பேசு.

— அப்ப நான் சொல்றேன் கேளு கண்ணு. நீ எழுந்து போ. கேட்டுக்கு வெளியில வயல்காரன் லப்பக்கோட டிராக்டர் நிக்குது பாரு, அதுக்குப் பின்னால போய் உக்காரு.

— போகமாட்டேன்.

— இது வெடிகுண்டு. உருளைக்கிழங்கு இல்ல.

— நீ கண்ணால பாத்தியா?

— களிமண்ணுக்குள்ள எதைப் பாக்குறது? தொட்டுத்தான் பாத்தேன். எப்பவும் போல ஒரு பிடி மண்ணை அள்ளி, உலோகம் தேடுற டிடெக்டர் தட்டுக்கு மேல காட்டலாம்னு கையை விட்டேன். சத்தம் வந்தா பிடிக்குள்ள இருக்கு, வரலேன்னா இன்னும் குழியில இருக்கு. அவ்வளவுதானே நம்ம வித்தை. கட்டம் கட்டமா ஏதோ தட்டுப்பட்டுச்சு. அன்னாசிப் பழத்தோல் மாதிரி. இழுத்தேன். உள்ளங்கைக்குள்ள ஒரு பட்டை அசைஞ்சு, ஸ்பிரிங் வச்சது மாதிரி எதிர்த்துத் தள்ளுச்சு. அப்படியே இறுக்கிட்டேன்.

— போர்க்காலத்துல ஊர்க்காவல் படைக்காரங்க இந்த மேட்டுலதான் குண்டு எறிஞ்சு பழகினாங்கன்னு லப்பக் போன வருஷமே சொன்னான்.

— சொன்னான். எனக்குப் பித்தளைப் பொத்தான் கிடைக்கும்னு சந்தோஷமா இருந்துச்சு.

— அந்தக் காரட் மட்டும் இருந்திருந்தா...

— ஆரம்பிச்சிட்டியா?

— ஆரம்பிப்பேன். நம்ம புதையல் தேடுற கிளப்புல ஒவ்வொருத்தன் இடுப்புலயும் அந்தக் குச்சிக் கருவி ஆரஞ்சுக் கலர்ல, காரட் மாதிரியே தொங்குது. குழிக்குள்ள அதை நீட்டினா கிட்டப் போகப் போக நடுங்குது. உள்ள இருக்கிறது சட்டைப் பொத்தானா, முஷ்டி அளவு இரும்பான்னு கையை விடாமலே தெரிஞ்சுபோகுது. நேத்து சேர்ந்த பொடியன்கூட வச்சிருக்கான். என் புருஷனுக்கு மட்டும் ஆகாது.

— நூத்தி இருபது பவுண்டு குடுத்து எதுக்கு ஒரு காய்கறி வாங்கணும்? கடவுள் குடுத்த காரட்டு அஞ்சு இருக்கு என் கையில.

— அந்த அஞ்சும் இப்ப எங்க இருக்கு, மகராசா?

— ...சிரிக்க வைக்காதே. சிரிச்சா கை ஆடுது.

— ஹலோ. சார்ஜெண்ட் ஹாலம் பேசுறேன், குண்டு அகற்றும் பிரிவு. யார் பேசுறது?

— நான் பிரெண்டா, தம்பி. ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டுப் புல்லு மேல வச்சிருக்கேன். குழிக்குள்ள கையை விட்டிருக்கிறவர் என் வீட்டுக்காரர், மெல்வின்.

— சார், நான் பேசுறது கேக்குதுங்களா? நல்லா மூச்சு விடுங்க. கேக்குறதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும். மேல கட்டம் கட்டமா இருக்குங்களா?

— இருந்துச்சு.

— பக்கவாட்டுல வளைஞ்ச பட்டை ஒண்ணு?

— அது என் உள்ளங்கையில இருக்கு.

— அடியில வட்டமா ஒரு திருகு மூடி?

— தெரியல தம்பி. என் விரலுக்கு இப்ப எதுவும் தெரியல.

— சரிங்க. நான் ஒளிக்காம சொல்லிடுறேன். நீங்க சொல்றதைப் பாத்தா அது பழைய கைக்குண்டு மாதிரி இருக்கு. அந்தப் பட்டையைப் பிடிச்சுவைக்க ஒரு ஊசி இருந்திருக்கும், மண்ணுல அது துருப்பிடிச்சு உதிர்ந்திருக்கும். இத்தனை வருஷமா களிமண்தான் பட்டையை அழுத்தி வச்சிருந்தது. இப்ப உங்க கை அழுத்தி வச்சிருக்கு. கை விலகாத வரைக்கும் ஒண்ணும் ஆகாது. சரிங்களா?

— விலகினா?

— நாலு வினாடி. எல்லாம் துருப்பிடிச்சுச் செத்தும் போயிருக்கலாம். ஆனா செத்ததுன்னு நம்பி நான் எதையும் தொடுறதில்ல. நீங்களும் நம்பாதீங்க. நாங்க கிளம்பியாச்சு, வந்துக்கிட்டே இருக்கோம். மேடம், நீங்க உடனே அங்கிருந்து தள்ளிப் போகணும். கேட்டுக்கு ஒரு கான்ஸ்டபிள் வந்துக்கிட்டிருக்கார். அங்க போய் நில்லுங்க.

— சரிங்க தம்பி.

— போயிட்டீங்களா?

— போயிட்டேன்.

— பொய் சொல்றா சார்ஜெண்ட். என் முழங்காலை ஒட்டித்தான் உக்காந்திருக்கா.

— மேடம், நான் விளையாடல.

— நானும்தான். அவருக்கு மரம் அறுக்குற மெஷின் அதிர்ந்து அதிர்ந்து மரத்துப்போன விரல், தம்பி. காட்டு வேலையில இருந்தவர். குளிர் பட்டா வெள்ளை வெளேர்னு போயிடும், கிள்ளினாக்கூடத் தெரியாது. நான் விட்டுட்டுப் போனா அவர் பிடிச்சிருக்காரா இல்லையான்னு யாரு பாத்துச் சொல்றது?

— ...எந்தக் கை சார்?

— வலது. அந்தக் கைதான் உள்ள இருக்கு.

— இடது கையை அது மேல வச்சு அழுத்த முடியுங்களா?

— குழி சின்னது தம்பி. ஒரு கைதான் போகும். சின்னதா வெட்டி, புல்லுக்கட்டியை மூடி போலத் திருப்பிப் போட்டுத் திரும்ப மூடணும், அப்பத்தான் லப்பக் அடுத்த வருஷமும் வயல்ல விடுவான். பழக்கதோஷம்.

— மண்வெட்டியால குழியைப் பெருசாக்கட்டுமா தம்பி?

— வேண்டாம் மேடம். சுத்தி இருக்கிற மண்ணை யாரும் தொடாதீங்க. நாங்க வர்றோம். முன்னால பீட்ரூட் ஏத்தின லாரி ஒண்ணு ஊர்ந்துக்கிட்டிருக்கு, ஒதுங்க இடமில்லாத ரோடு. நான் டிரைவர்கிட்டப் பேசிட்டு வர்றேன். லைன்லயே இருங்க.

— நம்ம ரோட்டைப் பத்தி நமக்குத் தெரியாதா. பிரெண்டா.

— சொல்லு.

— சுண்டுவிரல் போயிடுச்சு. அது பிடிச்சிருக்கான்னு எனக்குத் தெரியல.

— இன்னும் நாலு இருக்கு.

— மோதிர விரலும் போய்க்கிட்டிருக்கு. மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் இழுக்குது.

— உன் தோளை என் மேல சாச்சுக்கோ.

— சாஞ்சா நீ நகரமாட்ட.

— நான் எப்படியும் நகரப்போறதில்ல.

— எனக்குப் பயமா இருக்கு கண்ணு. சாகறதுக்கு இல்ல. சரி, சாகறதுக்கும்தான். ஆனா நீ பக்கத்துல இருக்கும்போது என் கை என்னை ஏமாத்திடுமோன்னு... அந்தப் பயம்தான்.

— எனக்கும் பயம்தான். என் நெஞ்சு அடிக்கிறது உன் தோளுக்குத் தெரியலையா?

— காரட் எதுக்கு வேண்டாம்னேன் தெரியுமா?

— கஞ்சத்தனம்.

— அது இல்ல. அதை வாங்கினா, கை செத்துப்போச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. போன மாசம் உனக்கு ஒரு வெள்ளிக்காசு எடுத்துக் குடுத்தேனே, பெரிய வித்தைக்காரன் மாதிரி, கண்ணை மூடிக்கிட்டு. தட்டு சத்தம் போட்டப்புறம்தான் அது என் பிடிக்குள்ள இருக்குன்னே எனக்குத் தெரியும். விரல் எனக்கு ஒண்ணும் சொல்லல.

— எனக்குத் தெரியும்.

— தெரியுமா?

— சட்டைப் பொத்தானை நான்தானே போட்டுவிடுறேன். தெரியாம இருக்குமா? காபி ஆறினதா சூடான்னு உதட்டை வச்சுத்தான் பாக்குற. நீயா சொல்லுவன்னு இருந்தேன். நீ சொல்லமாட்டன்னு தெரிஞ்சுதான் காரட், காரட்னு உயிரை எடுத்தேன்.

— வீட்டுக்குப் போனா வாங்கிக்கலாம். நிஜமா. ரெண்டு வாங்கு.

— வாங்குறேன். இப்ப என் கையை உள்ள விடப்போறேன்.

— எங்க?

— உன் கை மேல. என் கை சின்னது, ஒட்டினாப்ல விட்டா போகும். என் விரல் நல்லா இருக்கு. அடியில திருகு மூடி இருக்கான்னு அந்தத் தம்பி கேட்டார்ல. தடவிச் சொல்றேன்.

— வேண்டாம்.

— மேடம், ஹாலம் பேசுறேன். கையை உள்ள விடாதீங்க. தயவு செஞ்சு.

— விட்டாச்சு தம்பி. மெல்வின், கண்ணை மூடிக்கோ. ஆடாதே. ஆமா. இதுதான் உன் கட்டைவிரல். ஐயோ, பனிக்கட்டி மாதிரி இருக்கே. இது கட்டம். இது...

— என்ன?

— பொறு.

— என்ன தெரியுது பிரெண்டா? பேசேன்.

— பொறுன்னா பொறேன். உன் விரலுக்கு அடியில என் விரலை நுழைக்கிறேன். ம். ம்.

— பிரெண்டா?

— ...அட ஆண்டவனே.

— என்ன?

— அட முட்டாளே. அட என் பெரிய முட்டாளே.

— சிரிக்கிறியா அழறியா?

— ரெண்டும்தான். மெல்வின், இது கட்டில் குமிழ்.

— என்னது?

— பித்தளைக் கட்டில் குமிழ். எங்க அம்மா கட்டில்ல நாலு மூலைக்கும் இருந்துச்சே, கட்டம் போட்ட வேலைப்பாடு. அடியில மரை தெரியுது. நீ பட்டைன்னு நினைச்சது மெத்தைக் கம்பி. துண்டா ஒட்டிக்கிட்டிருக்கு, அதான் ஸ்பிரிங் மாதிரி தள்ளுது.

— நிச்சயமா?

— என் விரல் என்ன மரம் அறுத்த விரலா? இரு, உன் கை அப்படியே பூட்டிக்கிச்சு. நானே ஒவ்வொண்ணா பிரிச்சு விடுறேன். வெடுக்குனு இழுக்காதே, பழைய பித்தளை, கீறிடும். இது சுண்டுவிரல். அடுத்தது. அடுத்தது. மெதுவா வெளிய எடு. அவ்வளவுதான்.

— என் கையா இது? பொணத்தோட கை மாதிரி இருக்கு.

— கோட்டுக்குள்ள வச்சுச் சூடாக்கு.

— மேடம். நான் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— மன்னிச்சுக்கோங்க தம்பி. கட்டில் குமிழுக்கு ராணுவத்தையே கூப்பிட்டுட்டோம்.

— ...பரவாயில்லங்க மேடம். சார், நீங்க கேட்டுக்குப் போய் எங்க கான்ஸ்டபிள்கிட்ட நேர்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அதுதான் முறை. சரிங்களா?

— சொல்லிடுறேன் சார்ஜெண்ட். எனக்கு வெக்கமா இருக்கு. கட்டில் குமிழ். கிளப்புல தெரிஞ்சா சிரிச்சே கொன்னுடுவாங்க. பிரெண்டா, எடு, நானும் பாக்குறேன்.

— குழியிலயே இருக்கட்டும். எடுக்குறதுக்கு முன்னால படம் எடுக்கணும்னு நீதானே ஊருக்கே பாடம் நடத்துற? கேமரா காருல இருக்கு. கான்ஸ்டபிள்கிட்டச் சொல்லிட்டு அப்படியே எடுத்துட்டு வா.

— நீயும் வாயேன், சேர்ந்து போவோம்.

— நான் வரமாட்டேன். ஊரைக் கூட்டினது நீ, போலீஸ்காரன் மூஞ்சியில முழிக்கிறதும் நீயே. என் மானம் இங்கயே குழிக்குள்ள இருக்கட்டும்.

— அப்ப காரட் தேவையில்லைன்னு ஆகுதுல்ல? நான் சொல்றேன் கேளு, கட்டம் இருக்கு, பட்டை இருக்குன்னு செத்த கையே கண்டுபிடிச்சுதா இல்லையா?

— ஆமா மெல்வின். நீ சொன்னதுதான் சரி. காரட் வேண்டாம்.

— இன்னொரு தடவை சொல்லு. காதுல தேன் ஊத்தின மாதிரி இருக்கு.

— கேமராவோட வா, சொல்றேன். எழுந்திரு. முட்டி பிடிச்சிருக்கா? என் தோளை அமுக்காதே, அந்த மண்வெட்டியைப் பிடிச்சு எழுந்திரு. ஆங்.

— உன் கை மட்டும் ஏன் இன்னும் உள்ளயே இருக்கு?

— வெளிய குளிருது. களிமண்ணு உள்ள கதகதன்னு இருக்கு. மெல்வின்.

— என்ன?

— முகத்துல மண்ணு. துடைச்சுக்கோ. போலீஸ்காரன் பாக்கப்போறான். இப்படிக் குனி. ம், போயிடுச்சு. நல்லா இருக்க. போ.

— டீ ஃபிளாஸ்க்கும் எடுத்துட்டு வரவா?

— எடுத்துட்டு வா. திரும்பித் திரும்பிப் பாக்காதே, மேடும் பள்ளமுமா இருக்கு, விழுந்து வைக்காதே.

— பிரெண்டா, பிஸ்கட்டு டப்பா எங்க வச்ச?

— சீட்டுக்கு அடியில. நட.

— மேடம். உங்க வீட்டுக்காரர் கேட்டைத் தாண்டி வந்துட்டாராம். டிராக்டருக்குப் பின்னால நிக்கிறாராம்.

— நல்லது தம்பி. அவரைத் திரும்ப உள்ள விடவேண்டாம்னு சொல்லுங்க. இப்ப எனக்குச் சொல்லிக் குடுங்க, என் சுண்டுவிரல் பட்டையை எட்டல, இதை நான் எப்படிப் பிடிச்சுக்கணும்?