மழைக்காட்டுப் பாடம்

"ஹலோ... ஹலோ, குணாளன் சார்? மாசாய் ஸ்கூல்லேர்ந்து வாசுகி டீச்சர் பேசுறேன்... ஆமா, ஆமா, நீங்க போடுற ரெண்டாம் ஆண்டு வாசிப்பு நூல எங்க பிள்ளைங்கள வாசிக்க வச்சுச் சோதிச்சுப் பார்த்தீங்களே, அந்த வகுப்பு டீச்சர்... சார், அச்சுக்குப் போயிடுச்சா?... மத்தியானந்தானா? நல்லவேளை. நிறுத்துங்க சார்!"

வாசுகி வகுப்புக்கு வெளியே தூணில் சாய்ந்துகொண்டாள்.

"எழுத்துப் பிழையெல்லாம் இல்ல சார். நடையே ரெண்டாம் ஆண்டுக்கு ஏத்ததில்ல. அஞ்சாம் ஆண்டுப் பிள்ளையே திணறும்... ஆமா, ஆமா, நீங்க வந்தப்போ கடகடன்னு வாசிச்சாங்க. அதுதான் சார் தப்பாப் போச்சு! நீங்க வர்றீங்கன்னு மழைக்காட்டுப் பாடத்த வாரம் பூரா நான் சொல்ல, பிள்ளைங்க திருப்பிச் சொல்ல... பரிசளிப்பு விழாவுக்குப் பழக்குற மாதிரி பழக்கிட்டேன். பார்க்க ஆள் வந்தா எல்லா ஸ்கூல்லயும் அப்படித்தான் லா செய்வோம்... சார், சார், கத்தாதீங்க..."

போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள். வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"இன்னிக்கு அடுத்த பாடத்தத் திறந்தேன் சார். அதே நடை. ஒரு பிள்ளையும் முதல் வரியத் தாண்டல. ரூபினி அழுதுட்டா. 'எனக்கு மூளை இல்லையா டீச்சர்'னு கேக்குறா... வாசிக்கத் தெரியலங்கிற பேரு பிள்ளைக்குத்தான் சார் விழும், புக்குக்கு விழாது... என்ன, நான் கதை விடுறேனா? ஐயோ, அலமாக்! இருங்க, அவளையே வாசிக்கச் சொல்றேன். நீங்களே கேளுங்க."

ரூபினியைக் கூப்பிட்டு, புதுப் பாடத்தை விரித்துக் கையில் கொடுத்து, போனை அவள் வாயருகே நீட்டினாள்.

சிறுமி டீச்சரின் கலங்கிய கண்களைப் பார்த்தாள். டீச்சர் யாரிடமோ திட்டு வாங்குகிறார் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. பாவம், டீச்சர். புத்தகத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கைகளைக் கட்டி, மழைக்காட்டுப் பாடத்தை மணிமணியாகச் சொல்ல ஆரம்பித்தாள். வாசுகி திகைத்துப் போய்ப் போனைப் பிடுங்குவதற்குள் பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

"சார், இல்ல சார்... ஆமா, தங்குதடை இல்லாமத்தான்... ஐயோ, சிரிக்காதீங்க... வேணாம் சார், அச்சுக்காரங்ககிட்ட அடிக்கச் சொல்லாதீங்க, ஒரு நிமிஷம் கேளுங்க! அது அந்த மழைக்காட்டுப் பாடந்தான், அவ புத்தகத்தத் திறக்கவே இல்ல சார்... ஹலோ? சார்? ஹலோ?..."

ரூபினி பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.