மாடி மாடியாய் ஒரே கட்டில்

அட, அதைத்தாம்மா நானும் கேக்குறேன்! ஒரு கட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் ஏறி எறங்கும்? மனுசனா இருந்தா இந்நேரம் வேலைய விட்டுட்டுப் போயிருப்பான். கட்டிலு, பாவம், வாயில்லாத ஜீவன். கீச்சு கீச்சுன்னு சக்கரத்தால அழுவுது, அவ்வளவுதான்.

பயப்படாதீங்க, பயப்படாதீங்க. லிஃப்ட்டு ரிப்பேர் இல்ல. நான்தான் ரெண்டு மாடிக்கும் நடுவுல நிறுத்தி வச்சிருக்கேன். உத்தரவு! போன் வர்ற வரைக்கும் அசையக் கூடாது. நீங்க யாரையோ பாக்க வந்தவங்கதானே? தலையிலேருந்து கால் வரைக்கும் வெள்ளை உறை… ஆஸ்பத்திரில இப்ப எல்லாரும் அப்படித்தான். காலையில பெரிய டாக்டர்னு நெனச்சு, கூட்டுற அம்மாவுக்கு சல்யூட் வச்சேன்! அந்தம்மாவும் 'ம்ம்'னுட்டுப் போயிடுச்சு. நீங்களும் கதவ மூடுறதுக்குள்ள பொசுக்குன்னு ஏறிட்டீங்க. சரி, போகட்டும். எவ்வளவு நேரம் நிப்பீங்க? அந்தக் கட்டில் மேலயே உக்காருங்க. அட, உக்காருங்கம்மா! அதுல வேற யாரும் படுக்கப் போறதில்ல.

ஏன்னா கேக்குறீங்க? இந்தத் தொத்து நோய் வந்து, ஜனங்க கட்டில் கெடைக்காம வாசல்ல கெடந்தாங்களா, யாரோ கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. ஜட்ஜய்யா அரசாங்கத்தப் புடிச்சு 'கட்டில் இருக்கா இல்லையா'ன்னு கேட்டாரு. இல்லேன்னு சொல்லித் தொலைக்கலாம்ல? 'எல்லா மாடியிலயும் காலியா இருக்குங்கய்யா'ன்னு ஒரே போடு! ஜட்ஜய்யா லேசுப்பட்டவரா? 'ரொம்ப நல்லது, ஒரு வக்கீல அனுப்புறேன், பாத்துட்டு வந்து சொல்லட்டும்'னுட்டாரு. அந்த வக்கீல்தான் இன்னிக்கு வந்திருக்காரு. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைப்பாங்கம்பாங்க. நாங்க முழு ஆஸ்பத்திரிய லிஃப்ட்டுல மறைக்கிறோம்.

எப்படியா? காலியா இருக்கிறதே இந்த ரெண்டு கட்டில்தான். வக்கீல் முதல் மாடியப் பாத்துட்டுப் படியேறுறதுக்குள்ள, இதுங்க லிஃப்ட்டுல ரெண்டாவது மாடிக்குப் போயிடணும். அங்க முடிஞ்சா மூணாவது. நம்பர் சீட்ட வேற மாத்தி மாத்தி ஒட்டணும்… பாருங்க, நகமெல்லாம் பசை. இப்ப என்ன கூத்துன்னா, ரெண்டாவது மாடி வரைக்கும் வந்த வக்கீலக் காணோம்! கூட வந்தவங்கள விட்டுட்டு எங்கயோ நழுவிட்டாரு. எந்த மாடியில நிக்கிறாருன்னு தெரியாம கட்டில எறக்கி மாட்டிக்கக் கூடாதுல்ல? அதான் நடுவுல தொங்குறோம். நான் அவரக் கண்ணால பாத்ததில்ல. கருப்புக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, நல்ல தொந்தியா இருப்பாரு. வக்கீல்னா பின்ன?

சிரிக்கிறீங்களா? உறைக்குள்ள ஒண்ணும் தெரியல. சிரிங்க, சிரிங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல.

என் மச்சினன், வீட்டுக்காரியோட தம்பி, காலையிலேருந்து கீழ வராந்தாவுல ஒரு பிளாஸ்டிக் நாற்காலில உக்காந்து மூச்சு இழுத்துக்கிட்டிருக்கான். வீட்டுக்காரி போன் மேல போன். 'ஊரு கண்ணுக்கெல்லாம் கட்டில் தள்ளிக் காட்டுறீங்களே, என் தம்பிக்கு ஒண்ணு தள்ளக் கூடாதா?' நானும் பெரிய டாக்டர்கிட்ட கேட்டேம்மா. 'யோவ், ஆளு படுத்துட்டா அது எப்படிய்யா காலிக் கட்டில் ஆவும்? காலின்னு கோர்ட்டுல சொல்லியாச்சே!'ன்னாரு. கேக்கும்போது நியாயமாத்தான் இருந்துச்சு. லிஃப்ட்டுக்குள்ள வந்து யோசிச்சாத்தான் வயிறு எரியுது.

அவன் ஒண்ணும் தங்கக் கம்பி இல்ல. வாயத் தொறந்தா என்கூட சண்டதான். இன்னிக்கும் என் சட்டையத்தான் போட்டுக்கிட்டு வந்திருக்கான், கேக்காம! ஆனா சண்ட போடாம, என்னைப் பாத்து தலைய மட்டும் ஆட்டுனாம்மா… எனக்கு பயமாயிடுச்சு.

எவன் குடுத்த யோசனையா? அது… அது எதுக்கும்மா இப்ப? ஒரு மடப்பய குடுத்தான். எந்த மடப்பயலா? விட மாட்டீங்க போல இருக்கே! சரி. நான்தாம்மா. பெரிய டாக்டர் ரூமுக்குள்ள எல்லாரும் வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருந்தாங்க. டீ குடுக்கப் போன நான், குடுத்துட்டு வாய மூடிக்கிட்டு வர வேண்டியதுதானே? 'எதுக்கு சார் நெறைய கட்டிலு? அதான் லிஃப்ட்டு இருக்கே!'ன்னு தமாசுக்குச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் சிரிப்ப நிறுத்திட்டு என்னையே பாத்தாங்க. சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டேன். அதுவும் மச்சினனுக்கும் சேத்து!

இருங்க, போன். ஹலோ… நடுவுலதான் சார் நிக்கிறேன். இன்னும் கெடைக்கலையா? கக்கூஸ்ல பாத்தீங்களா?… என்ன, கோட்டு இல்லையா? வெள்ளை உறையா?… அம்மாவா?… வக்கீலம்மாவா? குள்ளமா…

…

அம்மா. உறைக்கு மேல கழுத்துல தொங்குதே, அந்த அட்டை… அது நோயாளியப் பாக்க வர்றவங்களுக்குக் குடுக்குற அட்டை இல்லையோ?

ஐயய்யோ. அம்மா, நான் ஒண்ணுமே சொல்லல. இல்ல, சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்! பசைய வேற காட்டிட்டேன்! நீங்களும் ஒரு வார்த்த, நான் இன்னாருன்னு சொல்லக் கூடாதா? நான் எங்க சொல்ல விட்டேன்… அதுவும் சரிதான்.

இப்ப எந்த மாடிக்கும்மா? என்ன, விரலக் கீழ காட்டுறீங்க? கீழ கட்டில் காட்டுற எடமே இல்லீங்களே. கீழ வெறும் நாற்காலிதான், என் மச்சினனும் பக்கத்து நாற்காலிப் பெரியவரும்தான்…

ஓ.

அம்மா… நெசமாவா? எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க, அப்படியே கட்டிலப் புடிச்சுக்குங்க, பட்டன அமுக்கிட்டேன்!

ஹலோ, சார், இன்னும் லைன்லயா இருக்கீங்க? வக்கீலம்மா கெடைச்சுட்டாங்க சார். எங்கயா? கட்டில் மேல உக்காந்திருக்காங்க… ஆமா சார், நம்ம காலிக் கட்டில்தான்… இல்ல சார், நிறுத்த முடியாது, கீழ போயிக்கிட்டிருக்கோம். யாரு உத்தரவா? கோர்ட்டு உத்தரவு சார்! என் மச்சினன நாற்காலியிலேருந்து எந்திரிக்கச் சொல்லுங்க!