ஞானத்தகப்பன் கேட்ட துப்பாக்கிகள்

எனக்கு வெடிச்சத்தம் ஆகாது, அதிகாரி ஐயா. புத்தாண்டுக்குத் தெருவில் பட்டாசு வெடித்தாலே காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற ஆள் நான். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அடக்க வேண்டாம்.

டெக்சாஸில், மெக்சிகோ எல்லை ஆற்றுக்கு இந்தப் பக்கம், இருபது வருடமாகப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். என் பெயரில் ஒரு வழக்கு கிடையாது. பெனிக்னோவுக்குப் பிடித்ததும் அதுதான். அவர் என் மகளுக்கு ஞானத்தகப்பன். அவளுடைய பதினைந்தாம் பிறந்தநாளுக்கு உடுப்பு எடுத்துக் கொடுத்தவர். எங்களுக்கு அந்த உறவு உடன்பிறப்புக்கும் மேல். அவர் வாய்விட்டுக் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல வராது.

"உங்க பேரு சுத்தம், எவுலாலியா. என் பேரச் சொன்னா கடைக்காரன் கதவச் சாத்திருவான். ஒரு துப்பாக்கி வாங்கிக் குடுங்க, பன்னி சுடத்தான்" என்றார்.

கடையில் ஒரு தாள் நீட்டினார்கள். வாங்குவது உங்களுக்காகத்தானா என்று கேட்டிருந்தது. ஆம் என்று குறியிட்டேன். நாலாவது முறை போனபோது கடைக்காரர் கண்ணைச் சிமிட்டினார்.

"மறுபடியுமா? உங்க ஊர்ப் பன்னி என்ன, பட்டாளமா வச்சிருக்கு?"

"குட்டி போட்டுக்கிட்டே இருக்குங்களே" என்றேன்.

இருவரும் சிரித்தோம். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பன்றிக்கு மட்டும்தான் தெரியாது. மொத்தம் பதினோரு துப்பாக்கி வாங்கினேன்.

எல்லாம் ஆற்றைத் தாண்டி மெக்சிகோவுக்கு, போதைமருந்துக் கும்பலிடம் போயின. வடக்கே ஒரு மாம்பழம் கொண்டுவந்தால் வண்டியையே பிரித்துப் பார்க்கிறீர்கள். தெற்கே போகிற வண்டியை யார் ஐயா நிறுத்துகிறார்கள்?

போன மார்ச்சில் அங்கே என் தங்கை எர்மீனியாவின் கணவர் செலெஸ்தீனோவைச் சுட்டுவிட்டார்கள். கும்பலுக்குத் தன் லாரியைத் தரமாட்டேன் என்றாராம். நல்ல மனிதர். நான் போனால் எனக்கென்று காரமில்லாமல் தனியாகக் கறி வைப்பார். உண்மையாகவே வயிறு எரிந்து அழுதேன்.

"இவனுங்களுக்கு எங்கேருந்துக்கா இத்தன துப்பாக்கி வருது?" என்று தங்கை போனில் கதறினாள்.

"ஆண்டவருக்குத்தான் தெரியும்டி" என்றேன்.

செலெஸ்தீனோவின் பக்கத்தில் கிடந்த துப்பாக்கியின் எண்ணும் கடையில் நான் குறியிட்ட தாளில் இருக்கிற எண்ணும் ஒன்று என்று காட்டுகிறீர்கள். இதைச் சொல்லவா இவ்வளவு சுற்றி வளைத்தீர்கள்? எனக்கு அந்த வாரமே தெரியும். பெனிக்னோ வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றி, முறையாக மன்னிப்புக் கேட்டார்.

அடக்கத்துக்கு அவர்தான் வண்டி ஓட்டினார். பின்னால் மலர்வளையங்களுக்கு அடியில் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. சாவுச் செய்தி வந்த மறுநாள் நான் போய் வாங்கியவை.

"இன்னைக்குமா?" என்று கேட்டேன்.

"போற வண்டி ஏன் வெறுமனே போகணும்?" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

கல்லறையில் தங்கையைக் கட்டிக்கொண்டேன். இதைச் செய்த பாவிகளைச் சும்மா விடமாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். அவர்களை எப்போது பிடிக்கப்போகிறீர்கள், ஐயா?