துக்க அட்டைக்கு உரிய எழுத்து

அந்த ஞாயிற்றுக்கிழமை காபிக்கு உட்கார்ந்தவர்கள் நான்கு பேர். ஆலோயிஸ் வெர்ஹெல்ஸ்ட் ஆகிய நான், என் தம்பி மகன் யோரிஸ், அவன் மனைவி லீஸ்பெத், கென்ட் நகரில் எங்கள் அச்சகத்தில் முப்பது வருஷமாக வேலை பார்க்கும் மார்லேன். இஞ்சி பிஸ்கெட் கொஞ்சம் நமத்துப் போயிருந்தது.

யோரிஸ் ஒரு பாட்டிலை மேசைமேல் வைத்தான். கழிவறை கழுவும் திரவம். அதன் லேபிளில் எங்கள் அச்செழுத்து.

அது என் கொள்ளுத்தாத்தா வெட்டியது. தண்டின் நடுவில் சிறு முள், அடியில் மெல்லிய பாதம், பெரிய எழுத்துகளின் வயிற்றுக்குள் ஓர் இலைக்கொடி. ஞானஸ்நான அட்டைக்கும் துக்க அட்டைக்கும் தவிர வேறெதற்கும் நாங்கள் அதைக் கொடுத்ததில்லை.

"பெரியப்பா, இப்ப எல்லாருக்கும் பழசுதான் வேணும். அதான் கொஞ்சம் கீறலும் அழுக்கும் சேத்தேன். எப்படி இருக்கு?"

"குளிப்பாட்டின புள்ளையச் சேத்துல உருட்டின மாதிரி இருக்கு" என்றாள் மார்லேன்.

"அக்கா, நீங்க காபிய ஊத்துங்க."

லீஸ்பெத் சிரித்தாள். "கக்கூஸ் கழுவக்கூட பரம்பரை கேக்குறாங்க, மாமா."

மை பிசிறாமல் இருக்க நான்கு தலைமுறை கண்ணைக் கெடுத்துக்கொண்டோம். இவன் பிசிறைச் சேர்த்து விற்றிருந்தான். பாட்டிலைத் தொட்ட கையை இரண்டு முறை கழுவினேன்.

"வெள்ளிக்கிழமை வந்து மிச்ச எழுத்தையும் படம் எடுத்துக்கறேன் பெரியப்பா. அடுத்தது எலி மருந்து."

"வா" என்றேன்.

அந்த எழுத்துகள் ஆளுயர அலமாரியில், இருபது இழுப்பறைகளில் இருந்தன. அத்தனையும் ஈயம். ஒன்றை மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் அலமாரி முன்னால் சாயும். அச்சு கோப்பவர் முதல் நாளே கற்பது இது. யோரிஸ் ஒருநாளும் அச்சு கோத்ததில்லை. எல்லாவற்றையும் திறந்துபோட்டுத்தான் தேடுவான். சின்ன வயதில் அவன் அப்படிச் செய்வதைப் பார்த்துத்தான் அலமாரியைச் சுவரோடு நான்கு திருகாணிகளால் பிணைத்தேன்.

வியாழக்கிழமை அவற்றைக் கழற்றினேன்.

மறுநாள் காலை பக்கத்து அறையில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோராவது இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. பன்னிரண்டாவது கேட்கவில்லை. "பெரியப்பா" என்று ஒரு தடவை கூப்பிட்டான். படித்துக்கொண்டிருந்த பக்கத்தை முடித்துவிட்டுப் போனேன். இலைக்கொடிகள் சில நசுங்கியிருந்தன. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது, அதையும் இந்த வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தரையில் சிதறிய எழுத்துகளைப் பொறுக்கி, அவனுடைய துக்க அட்டையை அவசர அவசரமாக அடித்தேனாம். பொய். எங்கள் அச்சகத்தில் அவசர வேலை கிடையாது. புதன்கிழமையே கோத்து, அச்சடித்து, உலரப் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமைத் தேதியோடு.